சிங்கிள் ஃபேஸ் – 11: எடைக்கு எடை

ராமாமணி உடுமலைப்பேட்டைக்குப் போய் இன்றோடு பதினேழு நாள் ஆகிறது. மகள் கீதாவுக்கு இரண்டாவது பிரசவம். மாமியார் இல்லாத வீடு என்பதால் அம்மாதான் போயாக வேண்டும். அரிசி எந்த டப்பாவில், பருப்பு எந்த டப்பாவில் என்றெல்லாம் காட்டிவிட்டுத்தான் போனாள். வீட்டிலிருக்கும் இரண்டு ஆண்பிள்ளைகளுக்கும் நடுவில் இனி யார் பேச்சைக் கொண்டுபோய்க் கொண்டுவருவது என்பதை மட்டும் சொல்லாமல் போய்விட்டாள்.

புதிதாக வந்து உட்காருகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. வேங்கடசாமி சிங்காநல்லூரில் மோட்டார் ரீவைண்டிங் பட்டறை வைத்திருப்பவர். எரிந்துபோன மோட்டார்களின் பழைய கம்பியை வெட்டியெடுத்துவிட்டுப் புதுக்கம்பி சுற்றிக் கொடுப்பது தொழில். பட்டறைக்குப் பின்னாலேயே வீடு. மகன் பாலகோபால் இன்ஜினீயரிங் முடித்தவன். போன ஜூன் மாதம், கிடாருக்காகக் கைக்கு வந்த வேலையை வேண்டாம் என்று அவன் சொன்ன அன்று, சாப்பாட்டுத் தட்டுக்கு முன்னால் வைத்து வேங்கடசாமி ஒன்று சொல்லிவிட்டார்.

"கம்பியத் தட்டிட்டுத் திரியறவனுக்கு இந்த ஊட்டுல சோறு எதுக்குடா?"

பிசைந்த கையை உதறிவிட்டு பாலகோபால் எழுந்தான். அத்தோடு சரி. எட்டு மாதமாக அப்பாவிடம் ஒரு சொல் கிடையாது. அவர் அடுப்படியில் இருந்தால் அவன் வாசலில் இருப்பான். அவர் வாசலுக்கு வந்தால் அவன் மாடிப்படியில் இருப்பான். பட்டறைக்குள் கால் வைப்பதேயில்லை.

ராமாமணி இருந்தவரை இது ஒரு மாதிரி ஓடியது. "உன்ற பையனுக்கு லெட்டர் வந்திருக்குது" என்று இவர் சுவரைப் பார்த்துச் சொல்வார். "பாத்துட்டேன்னு சொல்லுங்கம்மா" என்று அவன் ஜன்னலைப் பார்த்துச் சொல்வான். நடுவில் அவள் வெங்காயம் உரித்துக்கொண்டிருப்பாள். இப்போது அவளும் இல்லை. சுவரும் ஜன்னலும் மட்டும்தான் இருக்கின்றன.

வேங்கடசாமி ரோஷக்காரர். அதை ஊரே சொல்லும். ஆனால் ராத்திரியில் தனியாகத் தட்டைப் போட்டுக்கொண்டு உட்காரும்போது ரோஷத்தால் ஒரு பிரயோஜனமும் இல்லை என்பதை இந்தப் பதினேழு நாளில் தெரிந்துகொண்டார். அவருக்கு வேண்டியது பெரிதாக ஒன்றுமில்லை. 'நாயனா' என்று அவன் ஒருமுறை கூப்பிட வேண்டும். அவர்கள் வீட்டில் அப்பாவை அப்படித்தான் கூப்பிடுவது. அந்தச் சொல்லைக் கேட்காமல் அவருக்கு உடம்பே பாதியாகிவிட்டது போலிருந்தது.

சனிக்கிழமை காலை ஒன்பது மணிக்கு உடுமலைப்பேட்டையிலிருந்து போன் வந்தது.

"ஏனுங்க, சாப்பிட்டீங்களா?"

"ஆச்சு."

"அவன்?"

"டம்ளர் கழுவிக் கவுத்து வெச்சிருக்குது. காப்பி குடிச்சிருப்பான்."

"பெத்த புள்ள குடிச்சானா இல்லியான்னு டம்ளரைப் பாத்துத்தான் தெரிஞ்சுக்கோணுமாக்கும்!" ராமாமணி பெருமூச்சு விட்டது கம்பியில் கேட்டது. "மத்தியானம் மூணு மணிக்கு அவங்க காலேஜ்ல வாசிக்கறாங்களாம். நேத்து எங்கிட்டப் பேசுனான். பெங்களூர்ல இருந்து கேசட் கம்பெனிக்காரரு ஒருத்தரு கேக்கறதுக்குன்னே வாராராம். அவருக்குப் புடிச்சுப்போச்சுன்னா இவங்க பெங்களூர் போயி மூணு மாசம் இருந்து கேசட் போடறதாம்."

"புடிக்கலீன்னா?"

"எல்லாத்தையும் மூட்டை கட்டி வெச்சுப்போட்டு வேலைக்குப் போறேங்கறான். இன்னைக்குத்தான் கடைசியாம். நீங்க போயி சித்தெ உக்காந்து கேட்டுப்போட்டு வாங்க."

"கூப்புடாத எடத்துக்கா?"

"பெத்தவன எவனுங்க கூப்புடுவான்? பெத்தவன்தான் போவோணும்."

 வேங்கடசாமியின் முகத்தில் ஒரு சிரிப்பு இருந்தது. அது உடுமலைப்பேட்டைக்குத் தெரிய நியாயமில்லை. மூன்று நாளாக அவர் ஒரு ரகசியத்தை வைத்துக்கொண்டு அலைந்துகொண்டிருந்தார்.

அந்த ரகசியத்தைச் சொல்வதற்கு முன்னால் இந்தக் கோஷ்டியின் கதையைக் கொஞ்சம் சொல்ல வேண்டும்.

தொண்ணூற்றிரண்டில், காலேஜில் இரண்டாம் வருஷம் படிக்கையில் நாலு பேர் சேர்ந்தார்கள். பாலகோபால் கிடார், மெட்டும் அவனுடையது. கருமத்தம்பட்டி விசைத்தறிக்காரர் வீட்டுப் பையன் சபரீஷ் பாடுவான். அவிநாசி கண்ணையா டிரம்ஸ். சாஜிதா பேகம் கீபோர்டு வாசிப்பாள், பாட்டு எழுதுவதும் அவள்தான். இங்கிலீஷ்காரர்களைப் போல வாசித்துக்கொண்டு தமிழில் பாடுவது அவர்கள் திட்டம். ஹாஸ்டல் வார்டன் துரத்தினார். போக்கிடம் இல்லாமல் ஞாயிற்றுக்கிழமைகளில் வேங்கடசாமியின் பட்டறைக்கு வந்தார்கள்.

முதல் நாள் ஆம்ப்ளிஃபயரைப் போட்டதும் அது உறுமிய உறுமலில் தெருநாய் எழுந்து ஓடியது. கையைத் துடைத்துக்கொண்டு வேங்கடசாமி வந்து பார்த்தார்.

"என்னடா இது, ஒரு ஃபேஸ் போன மோட்டாராட்ட உறுமுது? சிங்கிள் ஃபேஸ்ல ஓட்டுனா இப்படித்தான். அக்கட்டால நவுருங்க."

எர்த் கம்பி இழுத்துக் கொடுத்தார். உறுமல் நின்றது. நாலு பேரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். அடுத்த வாரம் டிரம்ஸின் முகத்தில் பெயிண்டால் எழுதியிருந்தது: சிங்கிள் ஃபேஸ். பேர் வைத்தது தாம்தான் என்று வேங்கடசாமி யாரிடமும் சொல்லிக்கொண்டதில்லை. ஆனால் அந்த டிரம்ஸைத் துடைத்து வைப்பது மட்டும் மூன்று வருஷமும் அவர் வேலையாக இருந்தது.

மூன்று வருஷத்தில் பதினாலு மேடை ஏறினார்கள். இங்கிலீஷ் பாட்டு கேட்க வந்தவர்கள் 'என்னடா தமிழ்' என்றார்கள். சினிமாப் பாட்டு கேட்க வந்தவர்கள் 'என்னடா சத்தம்' என்றார்கள். திருப்பூர்க் கல்யாண வரவேற்பு ஒன்றில் பெண்ணின் தாய்மாமன் மேடையேறி, "தம்பிகளா, போதுங்க, சாப்பிட வாங்க" என்று மரியாதையாக நிறுத்தினார். இருந்தாலும் ஒன்பது பாட்டு அவர்களுடையது என்று சேர்ந்தது. எல்லா காலேஜிலும் இருபது முப்பது பேராவது கூடவே பாடினார்கள்.

பிறகு படிப்பு முடிந்தது. சாஜிதா பெங்களூரில் கம்ப்யூட்டர் கம்பெனிக்குப் போனாள். கண்ணையா பம்ப் கம்பெனியில் சேர்ந்தான். சபரீஷ் அப்பாவின் தறிக்கூடத்தில் உட்கார்ந்தான். ஞாயிற்றுக்கிழமை நாலு பேர் என்பது மூன்றானது, இரண்டானது. கடைசியில் மாடிப்படியில் தனியாக உட்கார்ந்து, மின்சாரமில்லாத கிடாரின் கம்பிகளைத் தட்டிக்கொண்டிருக்கும் பாலகோபால் மட்டும் மிஞ்சினான். வேலை வேண்டாம் என்று சொன்னவன் அவன் ஒருவன்தானே. கீழே பட்டறையில் கம்பி சுற்றிக்கொண்டே வேங்கடசாமி அதைக் கேட்பார். ஒரே வீட்டில் இரண்டு பேர் தனித்தனியாக அனாதையாக இருந்தார்கள், அவ்வளவுதான்.

இந்த நிலையில் சாஜிதா பெங்களூர்க்காரரிடம் பேசிச் சம்மதிக்க வைத்தாள். அவளுக்கு லீவு கிடைக்கவில்லை, சபரீஷும் கண்ணையாவும் லீவு போட்டார்கள். பாலகோபாலின் முகத்தில் வெளிச்சம் வந்தது. அப்போது பார்த்து, செவ்வாய்க்கிழமை, கிடார் மௌனமாகிவிட்டது.

"சத்தமே வரலடா," என்று அவன் கண்ணையாவிடம் போனில் சொன்னதை வேங்கடசாமி கதவுக்குப் பின்னாலிருந்து கேட்டார். "சனிக்கிழமை நீயே வந்து பாரு. என்னமோ விட்டுப்போச்சு."

பட்டறையில் சால்டரிங் அயர்ன் இருந்தது, மீட்டர் இருந்தது, ஊரிலேயே நல்ல கைகள் இரண்டு இருந்தன. ஆனால் பட்டறைக்குள் அவன் வர மாட்டான்.

புதன்கிழமை கிடாரை வீட்டிலேயே விட்டுவிட்டு அவன் கருமத்தம்பட்டிக்கு ஒத்திகைக்குப் போனதும் வேங்கடசாமி கிடாரைப் பட்டறைக்குத் தூக்கிவந்தார். சிவப்புக் கிடார். திருகுகளைக் கழற்றியதும், கம்பிகளுக்கு அடியில் தீப்பெட்டியைவிடச் சற்று நீளமான ஒரு சின்னக் காயில் இருந்தது. காயிலைப் பார்த்ததும் அவருக்குக் கை பரபரத்தது. இது நம் சமாசாரமல்லவா!

சீரிஸ் லாம்ப்பை எடுத்தார். மோட்டார் காயில் உயிரோடிருக்கிறதா என்று பார்க்கிற பல்பு அது. காயில் நன்றாக இருந்தால் பல்பு எரியும், எரிந்துபோன காயில் என்றால் எரியாது. முப்பது வருஷமாக அந்தப் பல்பு அவரிடம் பொய் சொன்னதில்லை. இரண்டு முனையையும் வைத்தார். பல்பு எரியவில்லை.

"காயில் போயிருச்சு," என்று தமக்குத் தாமே சொல்லிக்கொண்டார்.

கம்பியை வெட்டியெடுத்தார். தலைமயிரைவிட மெல்லிசு. கம்பியின் தடிமன் பார்க்கிற கேஜ் தகட்டில் அவ்வளவு சிறிய இடுக்கே இல்லை. சுற்றை எண்ணலாம் என்று பார்த்தால் தொட்ட இடத்தில் அறுந்தது. சுற்று எண்ண முடியாத பழைய மோட்டார்களுக்குப் பட்டறைக்காரர்கள் செய்வதைச் செய்தார்: வெட்டிய கம்பியை எடை போட்டு, எடைக்கு எடை புதுக்கம்பி சுற்றுவது. எதிர்த்த நகைக்கடைத் தராசில் வைத்தார். மூன்றேகால் பவுன். பட்டறையில் இருந்ததிலேயே மெல்லிசான ஃபேன் கம்பியில் மூன்றேகால் பவுன் நிறுத்து எடுத்துக்கொண்டார். பழையதைவிடத் தடிமன்தான். இருக்கட்டுமே, தடித்த கம்பி லேசில் எரியாது. பையனுக்கு இனி எந்த மேடையிலும் இது காலை வாரக் கூடாது.

இயந்திரத்தில் போடாமல் கையாலேயே சுற்றினார். வெள்ளை நாடாவால் கட்டினார். வார்னிஷில் முக்கிக் காயவைத்தார். மறுபடி சீரிஸ் லாம்ப்பை வைத்தபோது பல்பு பளீரென்று எரிந்தது. வேங்கடசாமிக்குக் கண் கலங்கிவிட்டது. கிடாரை மூடித் திருகி, இருந்த இடத்திலேயே இருந்தபடியே வைத்தார்.

அவருடைய கணக்கு சுலபமானது. சனிக்கிழமை மேடையில் கிடார் முழங்கும். திறந்து பார்ப்பான். யார் கை என்று தெரியும். அப்புறம் பேசாமல் எங்கே போவான்?

மத்தியானம் இரண்டு மணிக்கு வெளுத்த சட்டை போட்டுக்கொண்டு பஸ் ஏறினார். டெஸ்டரைச் சட்டைப்பையில் செருகிக்கொண்டது பழக்க தோஷம்.

காலேஜ் வாசலில் வாட்ச்மேன் நிறுத்தினார். "யாரைப் பாக்கோணுமுங்க?"

"என்ற பையன் மேடையில வாசிக்கறானுங்க," என்றார் வேங்கடசாமி. வெளியாளிடம் அதை முதல் தடவையாகச் சொல்கிறோம் என்பது சொன்ன பிறகுதான் உறைத்தது. வாட்ச்மேன் வழிவிட்டார்.

அரங்கத்தில் கடைசி வரிசையில் உட்கார்ந்தார். சுற்றிலும் பையன்களும் பெண்களும் விசிலடித்துக்கொண்டிருந்தார்கள். தலைமுடியைக் குடுமியாகக் கட்டிக்கொண்ட ஒருவர் முதல் வரிசையில் நோட்டும் பேனாவுமாக இருந்தார். பெங்களூர்க்காரர் அவராகத்தான் இருக்க வேண்டும். இரண்டு கோஷ்டி வந்து வாசித்துவிட்டுப் போனது. பிறகு மைக்கில் 'சிங்கிள் ஃபேஸ்' என்று சொன்னார்கள். வேங்கடசாமி நிமிர்ந்து உட்கார்ந்தார்.

வேர்க்க வேர்க்க அப்போதுதான் ஓடிவந்த கண்ணையா டிரம்ஸில் உட்கார்ந்தான். சபரீஷ் மைக்கைப் பிடித்தான். பாலகோபால் சிவப்புக் கிடாரோடு வந்து நின்றான். மெலிந்திருந்தான். பக்கத்தில் பார்க்க முடியாத மகனைத் தூரத்திலிருந்தாவது நேராகப் பார்க்க முடிந்தது.

அவன் கம்பியைத் தட்டினான்.

கொசு பறக்கிற மாதிரி ஒரு சத்தம் வந்தது.

மறுபடி தட்டினான். பொத்தானை முழுக்கத் திருகினான். ஆம்ப்ளிஃபயர் உறுமியது, கிடார் மட்டும் கிணற்றுக்கடியிலிருந்து முனகியது. "ஊமைக் கிடார் டோய்!" என்று யாரோ கத்த, அரங்கமே சிரித்தது. "பத்து நிமிஷம் டைம்" என்று அறிவித்துத் திரையை இழுத்துவிட்டார்கள்.

ஆம்ப்ளிஃபயரில்தான் கோளாறு என்று வேங்கடசாமி நினைத்தார். வேறு எப்படி நினைப்பார்? டெஸ்டரைத் தொட்டுப் பார்த்துக்கொண்டு எழுந்து, சுவரோரமாகவே நடந்து மேடைக்குப் பின்னால் போனார். உள்ளே நுழைய ஒரு எட்டுதான் இருந்தது. திரைக்கு அந்தப் பக்கம் கண்ணையாவின் குரல் கேட்டது.

"டேய், இத யார்றா சுத்துனது? இதுல எட்டாயிரம் சுத்து இருக்கோணும். ஃபேன் கம்பியில எண்ணூறு சுத்துகூட வராது. எப்படிடா சத்தம் வரும்?"

"பழசு எங்க?" இது சபரீஷ்.

"வெட்டியே எறிஞ்சுட்டாங்களாட்ட இருக்குது. எனக்குத் தெரிஞ்சு காயில் எரியவே இல்ல. இந்த லீடு ஒயரு சால்டர் விட்டிருக்கும். ஒரு நிமிஷ வேல. நான் அயர்ன் கொண்டாந்திருக்கறேன் பாரு."

"மீட்டர் வெச்சுப் பாத்தா தெரியாதா?"

"பாத்திருக்க மாட்டாங்க. சீரிஸ் லாம்ப் வெச்சுப் பாத்திருப்பாங்க. இவ்வளவு மெல்லிசுக் கம்பியில நல்ல காயிலா இருந்தாலும் பல்பு எரியாது."

வேங்கடசாமி டெஸ்டரிலிருந்து கையை எடுத்தார். சுற்று குறைந்தால் வோல்டேஜ் குறையும். அது அவருக்குத் தெரியாததா? பட்டறைக்கு வரும் சின்னப் பையன்களுக்கே தெரியும். எந்த மோட்டாருக்கும் செய்யாத தப்பை, உயிரைக் கொடுத்துச் சுற்றிய ஒன்றில் செய்திருக்கிறார்.

திரை இடுக்கு வழியாகப் பார்த்தார். பாலகோபால் மண்டியிட்டிருந்தான். திறந்த கிடாருக்குள் வெள்ளை நாடாக் கட்டை விரலால் தடவிக்கொண்டிருந்தான். அந்த முடிச்சை அவன் சின்ன வயசிலிருந்து பார்த்திருக்கிறான். தெரியாமல் போகாது.

"யாருன்னு கேக்கறனல்ல?" சபரீஷ் அவன் தோளைப் பிடித்து உலுக்கினான். "யார்ட்டக் குடுத்த இத?"

பாலகோபால் தலை நிமிரவில்லை.

"நாந்தாண்டா," என்றான். "நானே சுத்துனேன்."

"நீயா? எலக்ட்ரிகல் படிச்சவன் செய்யற வேலயாடா இது? பெங்களூர்க்காரரு அங்க உக்காந்திருக்கறாரு. இத்தன மாசத்துக்கப்பறம் இன்னைக்கு ஒரு நாள் லீவு போட்டு வந்திருக்கறேன். மறுபடி எங்கப்பன் என்னைய விடுவாரா?"

"தப்புத்தாண்டா."

"எங்க ரெண்டு பேருக்கும் வேணுமின்னே கொள்ளி வெச்சுட்ட!"

"நீங்க ரெண்டு பேரும் வாசிங்க," என்றான் பாலகோபால். "நான் வேண்டாம். டிரம்ஸும் பாட்டும் போதும். சாஜிதா எழுதுன அந்த மழைப் பாட்டப் பாடு. அது உன்ற குரலுக்கே நிக்கும்."

கிடாரை மூடாமலே எடுத்துக்கொண்டு பின்பக்கப் படிக்கட்டுக்குப் போனான். வேங்கடசாமி தூணுக்குப் பின்னால் ஒதுங்கினார். ஐம்பத்தைந்து வயசில் சொந்த மகனுக்குப் பயந்து ஒளிந்துகொள்வது என்ன பிழைப்பு என்று அவருக்கே கேவலமாக இருந்தது.

பாலகோபால் படியில் உட்கார்ந்தான், கிடாரை மடியில் வைத்துக்கொண்டான். உள்ளே கண்ணையா தட்ட ஆரம்பித்தான். சபரீஷ் பாடினான். கோபத்தில் இருந்ததாலோ என்னவோ, குரல் என்றுமில்லாதபடி உடைந்து உடைந்து வந்தது. அரங்கம் அடங்கிவிட்டது. அவன் மெட்டு, அவன் இல்லாமல், சுவருக்கு அந்தப் பக்கம் ஓடிக்கொண்டிருந்தது. பாலகோபாலின் விரல்கள் சத்தமில்லாத கம்பிகளில் கூடவே போய்க்கொண்டிருந்தன.

பத்தடி தூரம்தான். போய்ப் பக்கத்தில் உட்கார்ந்து, 'கண்ணு, நான் கெடுத்துப்போட்டேன்' என்று சொல்லியிருக்கலாம். வேங்கடசாமியின் கால் நகரவில்லை. பாட்டு முடிந்து கைதட்டல் கூரையைப் பிய்த்துக்கொண்டு எழுந்தபோது அவர் வாசலைத் தாண்டிக்கொண்டிருந்தார். வாட்ச்மேன், "பையன் வாசிச்சாச்சுங்களா?" என்று கேட்டார். இவர் தலையை மட்டும் ஆட்டினார்.

வீட்டுக்கு வந்ததும் அரிசியும் பருப்பும் கழுவி, ஒன்றாகவே குக்கரில் வைத்தார். அவருக்குத் தெரிந்த ஒரே சமையல் அது. இரண்டு பேருக்கு வைத்தார்.

ஏழு மணிக்கு பாலகோபால் வந்தான். கிடாரைக் கூடத்து மூலையில் சாய்த்தான். கை கால் கழுவினான். மாடிக்குப் போவான் என்று வேங்கடசாமி அடுப்படியிலேயே மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றார். அவன் மாடிக்குப் போகவில்லை. அடுப்படிக்குள் வந்து, ஸ்டாண்டிலிருந்து இரண்டு தட்டு எடுத்து, பக்கத்துப் பக்கத்தில் போட்டு உட்கார்ந்தான்.

எட்டு மாதத்தில் முதல் தடவை.

வேங்கடசாமி சோற்றை வைத்தார். கரண்டி தட்டில் இடித்தது. தயிர்ச் சட்டியைத் தேடினார், அது கண்ணுக்கு முன்னாலேயே இருந்தது. அவன் எழுந்து போகவில்லை. தன்னை அவன் காட்டிக்கொடுக்கவில்லை என்பதும், அதைத் தான் கேட்டுக்கொண்டு நின்றது அவனுக்குத் தெரியாது என்பதும் சேர்ந்து அவரை வதைத்தன. இப்போதே சொல்லிவிட வேண்டும். அதற்கென்று வாயைத் திறந்தார்.

கூடத்தில் போன் அடித்தது. நீளநீளமான மணி, வெளியூர் அழைப்பு. ராமாமணியாகத்தான் இருக்கும் என்று ஓடிப்போய் எடுத்தார்.

"அங்கிள், நான் சாஜிதா. பெங்களூர்ல இருந்து. பாலா இருக்கானா?"

"சாப்பிட்டுட்டு இருக்கறானம்மா."

"அப்ப நீங்களே சொல்லிருங்க அங்கிள், எஸ்.டி.டி. பூத்ல வரிசை நிக்குது. சபரீஷயும் கண்ணையாவயும் கேசட் கம்பெனிக்காரருக்குப் புடிச்சுப்போச்சு. ஆனா அவர் முதல்ல கேட்டதே, 'இந்த மெட்டுப் போட்டது யாரு, அந்தப் பையன் எங்க'ன்னுதானாம். பாலா வந்தாத்தான் கேசட்டுங்கறார். கிடார் இங்க இருக்குது, வெறுங்கையோட வந்தாப் போதும். சபரீஷ் கோவத்துல இவன்கிட்டச் சொல்ல மாட்டேங்கறான். நாளைக்குக் காலையில ஆறு மணிக்குக் காந்திபுரத்துல பெங்களூர் பஸ். அவங்க ரெண்டு பேரும் அதுல வாராங்க. இன்னைக்கு ராத்திரி ஒம்போது மணிக்குள்ள பாலா எனக்கு ஒரு போன் பண்ணச் சொல்லுங்க. அதுக்கு மேல அவர் வேற கோஷ்டியக் கூப்பிட்டுருவார். ஹாஸ்டல் நம்பர் எழுதிக்கறீங்களா?"

வேங்கடசாமி எழுதிக்கொண்டார். ஒவ்வொரு எண்ணாகத் திருப்பிச் சொல்லிச் சரிபார்த்தும் கொண்டார். போனை வைத்தார். பென்சிலைக் கீழே வைத்தார்.

மூன்று மாதம். அப்புறம் அது ஆறு மாதமாகும். அப்புறம் அவன் அந்த ஊர்க்காரன். ராமாமணி பேரக்குழந்தையோடு இருப்பாள். இந்தக் கூடத்தில், இந்தப் போனுக்குப் பக்கத்தில், அவர் ஒருவர் இருப்பார்.

அடுப்படியிலிருந்து குரல் வந்தது.

"யாருங்க, நாயனா?"

வேங்கடசாமி அப்படியே நின்றார். எட்டு மாதமாகக் கேட்காத சொல். எண் எழுதிய தாளைக் கிழித்தெடுத்தார். சட்டைப்பையில் வைத்தார்.

"ராங் நம்பர் கண்ணு," என்றார்.

 பாலகோபால் சொன்னான்:

"அப்படீங்களா. சபரீஷா இருக்கும்னு நெனச்சனுங்க."

வேங்கடசாமி அடுப்படிக்குப் போய் மகன் பக்கத்தில் உட்கார்ந்தார். அவன் அவருடைய தட்டைத் தன் பக்கமாக இழுத்துத் தயிரை ஊற்றினான். சுவர்க் கடிகாரத்தில் மணி ஏழு நாற்பது.